ஏணிப் படம்

அண்ணி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தகரப் பெட்டி கிடைத்தது. குளியலறைக்கு மேலிருந்த பரணில், உடைந்த வாளிகளுக்கும் ஒருமுறைகூடப் பிரிக்காத ஒரு கூடாரத்துக்கும் நடுவில் கிடந்தது. ஏணி போட்டு ஏறியது அண்ணிதான். கீழே சும்மா நின்றுகொண்டிருந்த நாத்தனாரை ஏறச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. திருகாணி ஏணி ஏறமாட்டாள் என்பது குடும்பத்தில் ஊறிப்போன விஷயம். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில்கூட மேல்தட்டு ஃபிரேம் வேண்டுமென்றால் முதலாளிதான் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். "சம்பளம் வாங்கறது நீ, ஏறி இறங்கறது நான்" என்று ஒவ்வொரு படிக்கும் புலம்புவார்.

திருகாணி என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் அவள் ஒரு திருகாணியை விழுங்கிவிட்டு, அது வெளியே வந்து சேரும்வரை மொத்தக் குடும்பத்தையும் கழிப்பறை வாசலில் காவல் இருக்க வைத்திருக்கிறாள். வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் எறும்புத் தலை அளவு திருகாணிகளை முடுக்குகிற வேலையில் சேர்ந்தபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியா, அன்னைக்கு முழுங்கினது வீண் போகலை."

அந்த அண்ணன் இப்போது இல்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள், அலுவலகத்தில் லிஃப்டுக்காக நின்றிருந்தவன், என்னவோ மாதிரி இருக்கிறது என்று சொல்லி அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். லிஃப்ட் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து திருகாணிக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அழவில்லை. வேலைக்குப் போனாள். வாடிக்கையாளர் கழற்றித் தரும் கண்ணாடியை வாங்கி, வாயருகே கொண்டுபோய், "ஹா" என்று ஒரு மூச்சு விட்டு, மஞ்சள் துணியால் இரண்டு சுற்றுத் துடைத்து, விளக்குக்கு நேரே பார்த்துத் திருப்பித் தந்தாள். சாப்பிட்டாள். தூங்கினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "அழுதுடும்மா, அழுதா சரியாயிடும்" என்றபோது, ஏதோ முடிக்காமல் விட்ட வேலையை ஞாபகப்படுத்தியதுபோல "சரி" என்றாள்.

பெட்டியைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை குப்பென்று அடித்தது. உள்ளே வரிசையாக சிலைடுகள். அட்டைச் சட்டத்துக்குள் அடக்கின சின்னச் சின்ன பிலிம் துண்டுகள். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் தீப்பெட்டி அளவில் வண்ணப் படம் தெரியும். ப்ரொஜெக்டரில் போட்டால் அதுவே சுவர் நிறைய விரியும். எல்லாம் அப்பா எடுத்தவை. திருகாணி பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அண்ணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "என்ன இது, படம் முழுக்க சிலந்தி வலை?"

"பூஞ்சை, அண்ணி."

"போகுமா?"

"தெரியலை."

"நீதானே கண்ணாடி துடைக்கறவ. போக வை."

அண்ணி பிசியோதெரபிஸ்ட். பிறத்தியார் முட்டியையும் தோளையும் மடக்கி நீட்டுவது அவள் தொழில். பேச்சும் அப்படித்தான், பிடித்தால் வழிக்கு வரும்வரை விடமாட்டாள். வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. பாதி வீடு ஏற்கெனவே அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது.

"இதுக்குள்ள ஏணிப் படம்னு ஒண்ணு இருக்கணும்," என்றாள் அண்ணி.

"எந்த ஏணிப் படம்?"

"உங்க அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரே. 'எங்கப்பா எடுத்ததுலயே நான் நல்லா விழுந்திருக்கறது ஏணிப் படத்துலதான்'னு. காட்டுங்கன்னா, தேடணும்னு சொல்வார். தேடவே மாட்டார். சோம்பேறி." சோம்பேறி என்கிற வார்த்தைக்குப் பிறகு அவள் சிலைடுகளை நகத்தால் புரட்டினாள். "எங்கிட்ட இருக்கற படம் ஒண்ணு பாக்கியில்லாம எல்லாத்துலயும் கண்ணை மூடிட்டு நிக்கறார். கேமராவைக் கண்டா தூக்கம் வந்துடும் அவருக்கு. கண்ணு திறந்திருக்கற படம் ஒண்ணே ஒண்ணு வேணும். புது வீட்டுக்கு ஒண்ணாவது எடுத்துட்டுப் போறேன். பெருசாப் போட்டு மாட்டணும். முடியுமா உன்னால?"

அது உண்மைதான். அண்ணன் கண் மூடாத படம் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அடையாள அட்டையில்கூட, படம் எடுத்தவன் சலித்துப்போய், பாதி திறந்திருந்ததே போதும் என்று விட்டிருந்தான். அண்ணிக்கு அவனிடம் முதலில் கண்ணில் பட்டது அவன் கண்ணில்லை, வலது கைச் சுண்டுவிரல். பிறவியிலேயே உள்பக்கமாக, கொக்கி மாதிரி வளைந்தது. நிமிர்த்தித் தருகிறேன் என்று பிடித்த கையை இன்னும் விடவில்லை என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

"பண்ணித் தரேன் அண்ணி," என்றாள் திருகாணி.

கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு போட்டோ லேப். அங்கே இருக்கிற அக்கா இரண்டு கையிலும் வேலை செய்துகொண்டே வாயாலும் வேலை செய்கிற ரகம். ஒரு சிலைடை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள்.

"பூஞ்சையா? அப்போ தண்ணியை மறந்துடு."

"பிலிமைக் கழுவறதே தண்ணியிலதானே அக்கா?"

"அது நல்ல பிலிமை. இது நோயாளி. இங்க பாரு, மினுமினுன்னு இருக்கற பக்கம் முதுகு. மங்கலா இருக்கற பக்கம் முகம். படம் இருக்கறது முகத்துல, ஒரு பசைக்குள்ள. ஜெல்லி மாதிரின்னு வெச்சுக்கோ. பூஞ்சைக்கு அதுதான் விருந்து. அது மென்னு வெச்ச இடத்துல ஈரம் பட்டுதுன்னா, படம் சொல்லாம கொள்ளாமக் கரைஞ்சு வந்துடும். தண்ணி ஆகாது, எச்சில் ஆகாது. வாயால ஊதினாக்கூட ஆகாது. ரப்பர் பந்து இருக்கு பாரு, அதை அமுக்கித் தூசியை விரட்டு. அப்புறம் மெத்துன்னு ஒரு பிரஷ். அதுக்கும் போகலைன்னா ஐசோப்ரொபைல் ஆல்கஹால், சுத்தமானது. தொண்ணூத்தொம்பதுன்னு போட்டிருக்கணும். எழுபது குடுத்தா வாங்காதே, மிச்சம் பூரா தண்ணி. நூல் உதிராத துணியில ரெண்டு சொட்டு, ஒரே பக்கமா, பூ தொடற மாதிரி ஒரு இழுப்பு. தேய்க்கக் கூடாது."

"எல்லாம் போயிடுமா?"

"பூஞ்சை போகும். அது தின்ன தடம் போகாது. அதோட மல்லுக்கு நிக்காதே. முதல்ல ஒண்ணுக்கும் உதவாத படத்துல செஞ்சு பாரு. ஜன்னலைத் திறந்து வை. கையுறை போடு, மாஸ்க் போடு. பூஞ்சை உன் மூக்குக்குள்ள குடித்தனம் வரவும் வேண்டாம், உன் மூச்சு படத்து மேல படவும் வேண்டாம். பக்கத்துல அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது, பத்திக்கும். முக்கியமா வாயை மூடிக்கிட்டு வேலை பாரு. உங்கிட்ட அதைச் சொல்ல வேண்டியதில்லை. நீ வாயைத் திறந்துதான் நான் பார்த்ததே இல்லையே."

மருந்துக் கடையில் ஐசோப்ரொபைல் கேட்டதற்கு, "எதுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"பூஞ்சைக்கு."

அவர் எட்டி அவள் காலைப் பார்த்தார். "அதுக்கு இது போடக் கூடாதும்மா, எரியும். நல்ல களிம்பு இருக்கு, விரல் இடுக்குல காலையில ஒருவாட்டி..."

"என் பூஞ்சை இல்லைங்க. எங்க அப்பாவோடது."

"அவரை நேர்ல வரச் சொல்லுங்களேன், பார்த்துடலாம்."

திருகாணிக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. "வர முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, களிம்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைக் காகிதம் விரித்தாள். ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தாள். அந்த மேசையில்தான் அம்மா துணி தேய்ப்பது வழக்கம். மகன் போனதிலிருந்து அம்மா வீட்டிலிருக்கும் துணியையெல்லாம் தேய்க்கிறாள். தேய்த்ததை மடித்து வைத்து, மறுநாள் பிரித்து மறுபடி தேய்க்கிறாள். கைக்குட்டை, தலையணை உறை, கரித்துணி, எதையும் விடுவதில்லை.

"அம்மா, இஸ்திரிப் பெட்டியை உள்ள எடுத்துட்டுப் போயிடுங்க. இது பத்திக்கற திரவம்."

"என் வீட்டுல எனக்கே இடமில்லையா?"

"ஒருநாள்தாம்மா."

"உங்கப்பா உயிரோட இருந்தப்போ இந்தப் படத்துக்காக என்னை இருட்டுல உட்கார வெச்சார். செத்த பிறகு உள்ள துரத்தறார்." துணி மூட்டையோடு அம்மா படுக்கையறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் நீராவி உஸ்ஸென்று சீறுகிற சத்தம் வந்தது.

முதலில் ஒன்றுக்கும் உதவாத படம். அதற்குப் பஞ்சமில்லை. அப்பா தன் கட்டைவிரலையே பல தடவை படம் எடுத்திருந்தார். திருகாணி ரப்பர் பந்தை அமுக்கினாள். தூசி பறந்தது. பிரஷ்ஷால் நீவினாள். துணியில் இரண்டு சொட்டு விட்டு ஒரே பக்கமாக இழுத்தாள். வெள்ளை இழைகள் துணியோடு வந்தன. திரவம் கண் மூடித் திறப்பதற்குள் உலர்ந்தது. கட்டைவிரல் பளிச்சென்று, ரேகை தெரிய நின்றது. அப்பாவின் ரேகை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடைக்கு வருகிற யாரோ ஒருவரின் லென்ஸில் பதிந்த ரேகையைப் பார்ப்பதுபோல இருந்தது. அடுத்ததை எடுத்தாள்.

"யாரு இருக்கா?" உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"அப்பா. காரோட நிக்கறார்."

"என்ன கலரு?"

"பச்சை."

"அது எதிர்வீட்டுக்காரரோடது. எவன் காரா இருந்தாலும் போய் சாஞ்சு நின்னுடுவாரு மனுஷன். அடுத்தது?"

"அண்ணன். பிறந்தநாள் கேக்கோட."

"கண்ணு?"

"மூடியிருக்கு."

"ம்." நீராவி சீறியது. "அடுத்தது?"

"அண்ணன். குளத்துப் படிக்கட்டுல."

"கண்ணு?"

"மூடியிருக்கும்மா."

மூடியிருந்தது, மூடியிருந்தது, மூடியிருந்தது. அண்ணன் வளர்ந்துகொண்டே போனான், பல் விழுந்து முளைத்தது, கால்சட்டை நீண்டது, கண் மட்டும் திறக்கவில்லை. திருகாணி ஒவ்வொன்றையும் ஊதினாள் பந்தால், நீவினாள் பிரஷ்ஷால், இழுத்தாள் துணியால். கை நன்றாக வேலை செய்தது. மனசு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் தாண்டி அம்மா தேநீர் கொண்டுவந்து, மேசைக்கு வராமல், வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டினாள். "இந்தா. நான் வந்தாதான் பத்திக்குமே." மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் திருகாணி குடித்தாள். வெயில் சுள்ளென்று இருந்தது, மாஸ்க்குக்குள் வியர்த்திருந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். மாஸ்க்கை ஏற்றிவிட மறந்துபோனாள்.

அதற்கு அடுத்து எடுத்த சிலைடில் ஏணி இருந்தது.

ஒரு கட்டடத்தின் வெள்ளைச் சுவர். சாய்த்து வைத்த மர ஏணி. அதன் நடுப்பகுதியில், கோடு போட்ட நீலச் சட்டையும் ஒட்ட வெட்டிய தலையுமாக ஒரு பையன், இரண்டு கையாலும் படியைக் கட்டிப்பிடித்தபடி, தோளுக்கு மேலாகத் திரும்பி நேரே கேமராவைப் பார்க்கிறான். நீலச் சட்டை அண்ணனுடையது என்று மற்ற படங்களில் பார்த்திருந்தாள். முகத்தின் குறுக்கே ஒரு பூஞ்சை இழை, கன்னத்திலிருந்து நெற்றிவரை. அதற்குப் பின்னால் இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன.

"அம்மா, ஏணிப் படம் கிடைச்சுடுச்சு."

"அதுவா? அப்படியே முழி பிதுங்கி நிக்குமே."

"ஆமா. கண்ணு திறந்திருக்கு."

அம்மா என்னவோ சொன்னாள். நீராவியில் கேட்கவில்லை.

பூஞ்சை அட்டையின் ஓரத்துக்கு அடியிலும் ஓடியிருந்தது. சட்டத்தைப் பிரித்தால்தான் முழுக்க எடுக்க முடியும். கடைத் திருப்புளியால் ஓரத்தை நெம்பியபோது, ஒரு பக்கம் ஏற்கெனவே யாரோ பிரித்துப் பார்த்து, ஒட்டும் டேப் போட்டு மூடியிருந்தது தெரிந்தது. டேப் பழுத்துப்போயிருந்தது. அப்பா வேலையாக இருக்கும். பிலிமை இடுக்கியால் வெளியே எடுத்தாள். அட்டை மறைத்திருந்த கீழ் ஓரத்தில், மயிரிழை அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் படம் இருந்தது. அங்கே மாநிறத்தில் சில புள்ளிகள். வெளிச்சம் கசிந்த கறையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவள் கவனம் முகத்தில் இருந்தது.

பந்து. பிரஷ். துணி, இரண்டு சொட்டு, ஒரே இழுப்பு. இழை முழுசாக, ஒரு முடியை எடுப்பதுபோல வந்துவிட்டது. கன்னம் தெளிந்தது. கண் தெளிந்தது. நன்றாக வந்துவிட்டது. கன்னத்தின் மேல் மட்டும் ஒரு மெல்லிய மங்கல், கண்ணாடியில் கைபட்ட தடம் மாதிரி.

கைபட்ட தடத்தை அவள் எத்தனை வருடமாகத் துடைக்கிறாள்! யோசித்துச் செய்கிற வேலையா அது? கை பிலிமை வாயருகே கொண்டுபோனது. "ஹா" என்றது வாய். துணி இரண்டு சுற்றுச் சுற்றியது. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கக் கை தானாகவே உயர்ந்தது.

ஏணி இருந்தது. சுவர் இருந்தது. நீலச் சட்டை இருந்தது. சட்டைக் காலருக்கு மேலே ஒன்றுமில்லை. சுத்தமான, கறையே இல்லாத வெளிச்சம்.

துணியைப் பார்த்தாள். பழுப்பும் கறுப்புமாக, ஒரு சின்னத் தீற்றல். கடுகளவு. அதுதான் முகம்.

இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும், ஐயோ என்று கத்துவோம் என்று. உள்ளே அம்மா துணியை உதறினாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ "வண்டியை நகர்த்துப்பா" என்றார்கள். ஒன்றும் வரவில்லை. துணியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். கிழிந்த அட்டைக்குப் பதிலாக, லேப் அக்கா கொடுத்திருந்த ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பிலிமை வைத்து அழுத்தினாள். பிலிம் அதில் கொஞ்சம் தொளதொளவென்று, ஒரு பக்கமாக நழுவி உட்கார்ந்தது. அதைச் சரிசெய்ய அவள் மெனக்கெடவில்லை. முகமே இல்லை, ஓரம் கோணினால் என்ன?

பூஞ்சை தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். பொய் அப்படியே மேசைமேல் தயாராக இருந்தது. பெட்டியில் பாதிப் படத்தைப் பூஞ்சைதான் தின்றிருக்கிறது. இதையும் தின்றது என்றால் யார் வந்து பூஞ்சையின் வாயைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? அண்ணி நம்புவாள். ஞாயிற்றுக்கிழமை லாரி வரும், போய்விடுவாள். கண் திறந்த புருஷன் இல்லாமல் போவாள்.

சாயங்காலம் அண்ணி ப்ரொஜெக்டரை மடியில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "டிரைவர் இது என்னன்னு கேட்டான். மாமனார்னு சொன்னேன்." ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கூடத்துச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றினார்கள். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி கடகடவென்று சுற்றியது. அம்மா மட்டும், "நீங்க பாருங்க, எனக்கு ஒரு போர்வை பாக்கி இருக்கு" என்று உள்ளேயே இருந்துவிட்டாள்.

சுவரில் அப்பாவின் கட்டைவிரல் மலைபோல எழுந்தது.

"கும்பிட்டுக்கறேன் மாமா," என்றாள் அண்ணி.

அண்ணன் கேக்கோடு, குளத்தோடு, சைக்கிளோடு வந்தான். ஒவ்வொன்றுக்கும் அண்ணி ஏதாவது சொன்னாள். "தூங்கறார். இங்கயும் தூங்கறார். சைக்கிள்ல போகும்போதுகூடத் தூங்கறாரு பாரேன். இவரை நம்பி எப்படித்தான் ரோட்டுல விட்டீங்களோ." சிரித்தாள். அந்தச் சிரிப்பு மரப்பலகை மாதிரி இருந்தது. அண்ணிக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று திருகாணி நினைத்துக்கொண்டாள்.

"ஏணிப் படம் எங்கே?"

"இருக்கு. கடைசியில."

கடைசியும் வந்தது. பொத்தானை அமுக்கினாள்.

சுவர் முழுக்க ஏணி. நீலச் சட்டை. கழுத்துக்கு மேலே, ஒரு தட்டு அளவுக்கு, கண் கூசுகிற வெள்ளை.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பூஞ்சையா?"

ஆமாம் என்றால் போதும். ஒரு தலையாட்டல்கூடப் போதும், இருட்டில் அது பொய்யா என்றே தெரியாது. திருகாணி வாயைத் திறந்தாள்.

"இல்லை அண்ணி. நான்தான். பூஞ்சை போயிடுச்சு, முகம் நல்லா வந்துடுச்சு. அப்புறம் நான் கடையில பண்ற மாதிரி ஊதித் துடைச்சுட்டேன்."

அண்ணி திரும்பவில்லை. வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது திருகாணிக்கு.

"துடைக்கறதுக்கு முன்னாடி பார்த்தியா? கண்ணு திறந்திருந்துதா?"

"திறந்திருந்தது."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"சரி," என்றாள் அண்ணி. "நீயாவது பார்த்தியே."

அந்த நேரம் பார்த்து, தேய்த்த போர்வையைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மா கூடத்துக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள். "அடிப்பாவி! உன் மூஞ்சியை நீயே அழிச்சுக்கிட்டியா?"

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என் மூஞ்சியா?"

"பின்னே யாரு மூஞ்சி? தலையெல்லாம் பேன் புழுத்துப்போய் ஒட்ட வெட்டிவிட்டோமே, நாலு வயசுல. உன் கவுன் எல்லாம் ஊறிட்டு இருந்தது, அவன் சட்டையைப் போட்டுவிட்டேன். ஜன்னல் மேல புறா கூடு கட்டியிருக்கு, பார்க்கணும்னு ஒரே அடம். பாதி ஏறினதும் பயம் வந்துடுச்சு. ஏறவும் மாட்டேங்கறே, இறங்கவும் மாட்டேங்கறே, ஆந்தை மாதிரி முழிக்கறே. உங்கப்பா இறக்கிவிடறதை விட்டுட்டு கேமரா எடுக்க ஓடறார். அந்த ஏணியை அன்னைக்கு வெறுத்தவதான்."

"அப்போ அவர் எங்கே அத்தை?" என்றாள் அண்ணி. "இதுல தான் இருக்கறதா சொன்னாரே."

"அவன் எங்க இருந்தான்? கீழ இருந்தான். உங்க மாமா அவனை விட்டுட்டு எடுத்துட்டார். 'நானும் இருந்தேன், நானும் இருந்தேன்'னு எத்தனை நாள் ரகளை! அப்புறம் ஒருநாள், நான் படத்துல இருக்கேன்னு குதிச்சுக்கிட்டு வந்தான். எங்கடா இருக்கேன்னு நாங்க சிரிச்சோம். கோவிச்சுக்கிட்டு ஒருவேளை சாப்பிடலை."

அண்ணி எழுந்து சுவருக்குப் போனாள். அவள் நிழல் ஏணிமேல் விழுந்தது, ஒதுங்கி நின்றாள். படத்தின் கீழ் ஓரத்தில், பிளாஸ்டிக் சட்டத்தில் பிலிம் நழுவி உட்கார்ந்ததால் வெளியே வந்துவிட்ட அந்த மெல்லிய பட்டையில், ஏணியின் வலது காலை ஒரு கை பற்றியிருந்தது. முழுக் கை தெரியவில்லை, விரல்கள் மட்டும். இறுக்கிப் பிடித்ததில் நகங்கள் வெளுத்திருந்தன. பூஞ்சை அந்த ஓரத்தை எட்டவில்லை. மூன்று விரல் நேராக. நாலாவது, கடைசியில் இருந்தது, கொக்கி மாதிரி உள்ளே வளைந்திருந்தது.

அண்ணி தன் விரல்களை அதன்மேல் வைத்தாள். தினமும் பிறர் கைகளைப் பிடித்துப் பார்க்கிறவள், ஒரு மூட்டைச் சோதிப்பதுபோல, சுண்டுவிரலின் வளைவில் மெல்ல அழுத்தினாள்.

"அத்தை, இங்க வாங்க."

அம்மா போர்வையோடு போனாள். பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஹா" என்று ஊதித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அட," என்றாள். "அட திருட்டுப் பயலே. அட்டைக்கு அடியிலேயா இருந்தே இத்தனை வருஷமா?"

பழுத்துப்போன டேப்பைத் திருகாணி நினைத்தாள். அப்பா ஒட்டியதில்லை அது, தன்னைத் தேடிப் பிரித்தவன் ஒட்டியது.

"நல்லா விழுந்திருக்கறது இதுலதான்னு சொன்னார்," என்றாள் அண்ணி. "சரிதானே. கண்ணை மூடாத ஒரே படம்."

அம்மா சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள், ஆனால் அது பாதியில் வேறு எதுவாகவோ மாறி, அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அம்மா தேய்த்து மடித்த போர்வையை மடிப்புக் கலைத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். வெயில் காலம். யாரும் அதைச் சொல்லவில்லை.

"அணைக்கணும் அண்ணி," என்றாள் திருகாணி. "ரொம்ப நேரம் வெச்சா விளக்குச் சூட்டுல கலர் போயிடும். இதையாவது பத்திரமா எடுத்துட்டுப் போங்க."

"இன்னும் கொஞ்சம்."

"சூடு ஆகாது அண்ணி."

அணைத்தாள். விளக்கு போயிற்று, ஆறுவதற்காக விசிறி மட்டும் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது. திருகாணி நாற்காலியில் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் புறா, அந்தச் சுவர், அப்பாவின் கேமரா, எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. ஏணி ஆடியதா என்று யோசித்தாள். பயந்தது அம்மா சொல்லித்தான் தெரிகிறது. ஆனால் அது ஆடவில்லை. அது மட்டும் எப்படியோ தெரிந்தது, காலுக்கு.

பல் ஊசியின் மருந்து இறங்கும்போது முதலில் வலி வராது, குறுகுறுவென்று ஏதோ ஊரும். உள்ளங்காலில், அன்றைக்கு ஏணிப் படி பதிந்திருக்கும் இடத்தில், அது இப்போது ஊர ஆரம்பித்திருந்தது. அவள் காலைத் தரையில் ஊன்றாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.